வெள்ளையாக இருப்பதை வாங்காதே

அம்பத்தூர், சென்னை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனம் லேசானது. இங்கே எல்லோரும் நலம். மருமகள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். பேரன் பள்ளி விடுமுறை முழுவதையும் என்னோடும் மீன்தொட்டியோடும்தான் கழிக்கிறான்.

நீ உப்புநீர்த் தொட்டி வைத்துவிட்டாய் என்பதை இரண்டு முறை படித்தேன். எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய்! ஆனால் முதலில் அந்தப் படத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் அது காத்திருக்காது. "கல்லில் தானாக ஒரு பூ முளைத்திருக்கிறது, கடல் சாமந்தி காசில்லாமலே வந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறாய். பூப்போலத் தோன்றும் அந்த விலங்கு, கடல் சாமந்திதான் (sea anemone), சந்தேகமே இல்லை. ஆனால் அது ஐப்டேசியா. கல்லோடு ஒட்டிக்கொண்டு வந்து தொட்டி முழுவதையும் பிடித்துக்கொள்ளும் களை. கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் பழுப்புத் தண்டு, ஊசிமுனையாய்க் கூர்ந்த நீண்ட உணர்நீட்சிகள். ஒரு குச்சியால் மெல்லத் தொட்டுப் பார். கண் இமைப்பதற்குள் துளைக்குள் இழுத்துக்கொண்டு மறைந்தால் அதுவேதான்.

கத்தியால் சுரண்டிவிடலாம் என்று தோன்றும். செய்யாதே. நான் செய்தேன். கல்லைப் பற்றியிருக்கும் பாதத்தின் சிறு துணுக்கு தங்கினாலும் அதிலிருந்து இன்னொன்று வளரும். இரண்டு மாதத்தில் ஒன்று இருந்த இடத்தில் இருபது நின்றன. பிறகு பழகிய வழி இது: தூய்மையான கால்சியம் ஹைட்ராக்சைடை, அதாவது நம் சுண்ணாம்பை, ஆர்ஓ நீரில் கெட்டியாகக் குழைத்து, ஊசிக்குழாயில் எடுத்து, பம்புகளை நிறுத்திவிட்டு, விரிந்திருக்கும் ஐப்டேசியாவின் வாயின் மேல் மெதுவாக விட வேண்டும். அதற்குத் தெரியாமல் நெருங்க வேண்டும், தெரிந்தால் உள்ளே போய்விடும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம், நீரின் காரத்தன்மை சட்டென்று ஏறும். ஒன்றே ஒன்று இருக்கும்போதே முடித்துவிடு. சிறிய குண்டு முனைகளோடு பச்சையாகத் தெரிந்தால் அது மஜானோ என்ற இன்னொரு களை. தொட்டியில் விரும்பி வளர்க்கும் குமிழ்முனைச் சாமந்தியின் குஞ்சு என்று பலர் அதை ஆசையாக வளர்த்துவிடுகிறார்கள்.

இனி உன் பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். கோமாளி மீன் வாங்கிவிட்டோம், அதற்கு வீடு வேண்டாமா என்று கேட்கிறாள். குழந்தை கேட்பது நியாயம்தான், கடலில் அந்த மீன் சாமந்தியின் கைகளுக்குள்தான் குடியிருக்கிறது. ஆனால் தொட்டியில் கோமாளி மீனுக்குச் சாமந்தி கட்டாயமில்லை என்று அவளிடம் சொல். கடலோர ஊர்களான மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீன்களைப் பொரிக்க வைத்து வளர்த்திருக்கிறது. சாமந்தியையே பார்க்காமல் ஒரு கோமாளி மீன் தன் காலம் முழுவதும் நன்றாக இருக்கும். மீன் காத்திருக்கும், அவளும் காத்திருக்கட்டும். சாமந்திக்குத்தான் பல மாதம் ஓடி நிலைபெற்ற தொட்டி வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன் நான் காத்திருக்கவில்லை. தொட்டி வைத்து மூன்றாவது மாதம். ஒரு கடையில் பால்போல வெள்ளை உடம்பும் ஊதா முனையுமாக ஒன்றைக் காட்டினார்கள். அரிய நிறம் என்று சொல்லி மற்றவற்றைவிட இரண்டு மடங்கு விலை கேட்டார்கள். விலங்கியல் படித்த நான், நீயும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து குழியுடலிகளை வரைந்த நான், ஒரு கேள்விகூடக் கேட்காமல் வாங்கிவந்தேன்.

அந்த வெள்ளை நிறமே நோய், சுந்தரம். வெப்பக்கடல் சாமந்தியின் திசுக்களுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தில் அவை சமைக்கும் சர்க்கரையில்தான் சாமந்தி பெரும்பாலும் பசியாறுகிறது. உடம்பின் பழுப்பு நிறம் அந்தப் பாசியுடையது. பிடித்து, பையில் கட்டி, சூட்டிலும் இருட்டிலும் அலைக்கழித்தால் பாசியை உமிழ்ந்துவிடுகிறது. அப்போது வெளுக்கிறது. நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது சமையலறை காலியாகிப்போன ஒரு வீட்டை. மஞ்சள், ரோஜா என்று கண்ணைப் பறிக்கும் நிறத்தில் சாயம் ஏற்றியும் விற்கிறார்கள். அவையும் உள்ளே வெளுத்தவையே.

நாற்பது நாள் இருந்தது. இறால் துணுக்கு கொடுத்தால் பிடிக்கும், சிறிது நேரத்தில் நழுவவிடும். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் சிறுத்தது. கடைசியில் ஒரு காலை விளக்கைப் போட்டபோது வாய் விரிந்து, உள்ளிருந்து வெள்ளை இழைகள் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. தூக்கியபோது கையில் கரைந்தது. அந்த நாற்றம் இன்னும் நினைவிருக்கிறது. அன்று மாலைக்குள் தண்ணீர் கலங்கி இரண்டு மீன்களும் போய்விட்டன. பெரிய சாமந்தி ஒன்று கவனிக்காமல் அழுகினால் சிறிய தொட்டி தாங்காது.

ஆகவே நீ வாங்கப்போகும் நாளில் இதைப் பார். வாய் இறுக மூடியிருக்க வேண்டும். பாதம் கண்ணாடியையோ கல்லையோ பற்றியிருக்க வேண்டும், அதில் கிழிசல் இருக்கக் கூடாது. கடைக்காரரிடம் ஒரு துணுக்கு இறால் போடச் சொல். ஆரோக்கியமானது ஒட்டிப்பிடித்து, கைகளை, அதாவது உணர்நீட்சிகளை, மடக்கி, வாய்க்குள் கொண்டுபோவதை நீயே பார்க்கலாம்.

எந்த இனம் என்று அறிய நிறத்தை நம்பாதே, தண்டையும் அது குடியிருக்கும் இடத்தையும் பார். கோமாளி மீன்கள் குடியிருக்கும் சாமந்தி இனங்கள் உலகத்திலேயே பத்துதான் என்று சொல்லிவந்தார்கள், அதனால் இது மலைப்பான வேலை இல்லை. தண்டு வழவழப்பாக, மருவே இல்லாமல், பாதம் கல்லிடுக்கில் ஆழப் புதைந்திருந்தால் குமிழ்முனைச் சாமந்தி, என்டக்மியா குவாட்ரிகலர். கைகளின் முனையில் குமிழ் இருந்தால் உறுதி, ஆனால் குமிழ் சில மாதம் இருக்கும், சில மாதம் மறையும். இல்லை என்பதால் ஒதுக்கிவிடாதே. தண்டு தடித்த தோல்போல, ஒட்டும் மருக்களோடு இருந்து, நீண்ட கைகள் ஊதா முனையில் முடிந்தால் ஹெட்டராக்டிஸ் கிரிஸ்பா. என்னிடம் செத்தது அதுதான். மணலில் தண்டைப் புதைத்து, மேலே கம்பளம் விரித்ததுபோலக் குட்டையான ஒட்டும் கைகளோடு கிடப்பது ஸ்டைக்கோடாக்டைலா ஹடோனி. மீனையே பிடித்துத் தின்னும், உன் தொட்டிக்கு வேண்டாம்.

இந்தக் கடைசி இனத்தை எழுதும்போது மண்டபம் நினைவுக்கு வந்தது. மூன்றாம் ஆண்டில் படகில் குருசடைத் தீவுக்குப் போனோமே. வற்றம் வந்து தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது. மணலில் ஒரு பழுப்புக் கம்பளம், நடுவில் இரண்டு கோமாளி மீன்கள். நீ குனிந்து விரலை வைத்தாய், அது விரலைப் பற்றிக்கொண்டது, எடுக்கும்போது பசைபோல இழுத்தது என்றாய். மன்னார் வளைகுடாவின் அந்தத் தீவுகள் 21-ம் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாகிவிட்டன. அங்கிருந்து ஒன்றையும் எடுக்கக் கூடாது. எடுக்கத் தோன்றாமல் போனதில் எனக்கு இன்றும் சந்தோஷம்.

தொட்டி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். குறைந்தது ஆறு மாதம் ஓடியிருக்க வேண்டும், ஒரு வருடமென்றால் இன்னும் நல்லது. அம்மோனியா சுழியம், நைட்ரேட் குறைவு, உப்புநீரின் ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 25 முதல் 26 டிகிரி. எண்ணைவிட முக்கியம் அது ஆடாமல் இருப்பது. சிறுவாணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் குழாயிலிருந்து நேராக ஊற்றாதே, குளோரின் இருக்கும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தங்கிவிடும். ஆகவே தினமும் குறைவதை உப்பில்லாத ஆர்ஓ நீரால் நிரப்பு. எனக்கு மே மாதம்தான் சோதனை. அறை 33 டிகிரியைத் தொடுகிறது. நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் ஒரு கோடையில் தொட்டி 31-க்குப் போய், சாமந்தி நாள் முழுவதும் சுருங்கிக் கிடந்தது. கோயம்புத்தூரில் நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறிய விசிறியே பல நாள் போதும். மீனுக்கு நோய் வந்தால் செம்பு மருந்தை இந்தத் தொட்டியில் ஊற்றிவிடாதே, மீன் பிழைக்கும், சாமந்தி போய்விடும்.

இன்னொன்று, தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்புக்கு, அதாவது பவர்ஹெட்டுக்கு, பஞ்சு உறை போடு. சாமந்தி நடக்கும். வெளிச்சமோ நீரோட்டமோ பிடிக்கவில்லை என்றால் இரவில் பாதத்தைத் தளர்த்திக்கொண்டு ஊர்ந்து போகும். பம்பின் வாயில் சிக்கித் துண்டு துண்டாகிப்போன தொட்டிகளைப் பார்த்திருக்கிறேன். தானாகப் போய் நின்ற இடம் அதற்குப் பிடித்த இடம். அழகுக்காக மறுபடி நடுவில் கொண்டுவந்து வைக்காதே, பிய்த்து எடுக்கவே எடுக்காதே. அவ்வப்போது சுருங்கி, வாயால் கழிவை உமிழ்ந்து, சில மணி நேரத்தில் மறுபடி விரிந்தால் அதுவும் இயல்புதான். பயப்பட வேண்டாம்.

இப்போது என்னிடம் இருக்கும் குமிழ்முனைச் சாமந்திக்கு வயது நான்கு. இன்னொருவர் தொட்டியில் ஒன்று இரண்டாகப் பிரிந்ததில் கிடைத்தது. வாரம் ஒரு முறை சுண்டுவிரல் நகம் அளவு இறால் போதும். பேரன்தான் இடுக்கியால் கொடுக்கிறான். துணுக்கு பட்ட இடத்தில் மூன்று நான்கு கைகள் முதலில் வளைகின்றன, பிறகு பக்கத்தில் உள்ளவை, பிறகு அந்தப் பக்கம் முழுவதும் முட்டியை மடக்குவதுபோல உள்ளே சாய்கிறது. வாய் மெதுவாக மேலெழுந்து எதிர்கொள்கிறது. கோமாளி மீன் அதன் நடுவில் புரண்டுகொண்டே இருக்கும், சில சமயம் இறாலைப் பறித்துக்கொண்டும் ஓடும். ஆனால் அந்த மீனின் கழிவுதான் பாசிக்கு உரம், அதனால் கணக்கு சரியாகிவிடுகிறது.

போன மாதம் ஒரு காலை அது வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இழுபட்டிருந்தது. மாலைக்குள் பாதத்தின் இரண்டு ஓரங்கள் எதிரெதிர்த் திசையில் நகர, நடுவில் மெல்லிய திசுப்பாலம் மட்டும். மறுநாள் பேரன் என்னை எழுப்பி, "தாத்தா, இரண்டு!" என்றான். இரண்டிலும் ஒரு பக்கம் வெட்டுக்காயம்போலத் திறந்திருந்தது. பத்து நாள் உணவு கொடுக்காமல் விட்டோம். இப்போது இரண்டும் முழு வட்டம்.

ஸ்காட்லாந்தில் ஜான் கிரஹாம் டாலியெல் என்பவர் 1828-இல் நார்த் பெர்விக் கரையில் ஒரு கடல் சாமந்தியை எடுத்துவந்து கண்ணாடிச் சாடியில் வைத்தார். குளிர்கடல் இனம், அதற்கு விளக்கும் வேண்டியதில்லை. கடல்நீரை மாற்றிக்கொண்டே இருந்தார், சிப்பிச் சதை கொடுத்தார். 1851-இல் அவர் காலமானார். சாமந்தி இருந்தது. கைமாறிக் கைமாறி 1887 வரை வாழ்ந்தது. எல்லோரும் அதைப் பாட்டி என்றே அழைத்தார்கள். நாற்பது நாளில் போனதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாட்டியும் நினைவுக்கு வருகிறாள்.

ஐப்டேசியாவை முடித்துவிட்டு எழுது. தீபாவளி வரை நீரின் அளவுகளை ஒரு நோட்டில் குறித்து வா, பேத்தியையே எழுதச் சொல். எண்கள் ஆடாமல் இருந்தால் தை மாதம் நானே ரயிலில் கொண்டுவருகிறேன். இரண்டில் சின்னது ஒரு கைப்பிடிக் கல்லில் பாதம் ஊன்றியிருக்கிறது. கல்லோடு அப்படியே எடுத்துவரலாம், பிய்க்க வேண்டியதில்லை. அதை வைக்க இடது ஓரத்தில், கொஞ்சம் உயரத்தில், ஒரு பொந்து உள்ள கல்லாகப் பார்த்து இடம் விட்டு வை.

அன்புடன்,
ராமு