காலைக் கொஞ்சம் கவனி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். ஆனால் நான் திரும்பத் திரும்பப் படித்தது கடைசி இரண்டு வரியைத்தான். ‘ராத்திரியில் உள்ளங்கால் எரிகிறது, விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது, வயசாகிவிட்டது, வேறென்ன’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டாய். இதே வயசுக் கதையைச் சொல்லிக்கொண்டுதான் நானும் ஒன்றரை வருஷம் சும்மா இருந்தேன். இது வயசு இல்லை, கால் நரம்பு கெடுகிற கோளாறாக இருக்கலாம், டாக்டர்கள் நியூரோபதி என்பார்கள். அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

எனக்கு எரிச்சல்கூட இல்லை. பஞ்சின்மேல் நடப்பது போல இருக்கும், அவ்வளவுதான். ஒருநாள் ‘இன்னொரு செருப்பு எங்கே?’ என்று மனைவி கேட்டாள். குனிந்து பார்த்தால் இடது கால் வெறுங்காலாக இருக்கிறது. செருப்பு எங்கேயோ கழன்றிருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. இரண்டு பேரும் சிரித்தோம். அந்த மாதமே ஷூவுக்குள் விழுந்து கிடந்த ஒரு சட்டைப் பொத்தானின்மேல் பகல் முழுக்க நடந்திருக்கிறேன். சாயங்காலம் காலுறையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அப்போது சிரிக்கவில்லை.

முதலில் பார்த்த டாக்டர் என் காலைப் பார்க்கவே இல்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டாவதாகப் போனவர் முதலில் காலுறையைக் கழற்றச் சொன்னார். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், தொட்டதும் சொல்லுங்கள் என்றார். நானும் காத்திருந்தேன், காத்திருந்தேன், இவர் ஏன் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று கண்ணைத் திறந்தால், என் கட்டைவிரலில் ஒரு நைலான் இழை வில்லாக வளைந்து நிற்கிறது! 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற மாதிரி செய்த இழையாம் அது. அப்புறம் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி, கட்டைவிரல் எலும்பின்மேல் வைத்தார். ‘அதிர்வு நின்றதும் சொல்லுங்கள்’ என்றார். நின்றுவிட்டது என்றேன். அதே கவையை எடுத்து என் கைவிரலில் வைத்தார். விண்ணென்று அதிர்ந்துகொண்டிருந்தது.

இந்த மரமரப்பு ஏன் காலில் ஆரம்பிக்கிறது என்று கேட்டேன். பாதத்துக்கு வரும் உணர்வு நரம்பின் உயிரணு முதுகுத்தண்டின் பக்கத்தில் இருக்கிறதாம். அங்கிருந்து விரல் நுனிவரை ஒரே இழை, ஏறக்குறைய ஒரு மீட்டர். சரக்கெல்லாம் அந்த ஒரு இடத்திலிருந்துதான் போய்ச் சேர வேண்டும். வரத்து குறைந்தால் கடைமடை வயல்தானே முதலில் காயும்? அதனால்தான் இரண்டு காலிலும் விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறுகிறது. முழங்காலை எட்டும் சமயத்தில் கைவிரல் நுனியும் மரக்கத் தொடங்கும். ஒரு காலில் மட்டும் என்றாலோ, கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மட்டும் என்றாலோ அது வேறு கதை, எங்கேயோ ஒரு நரம்பு நசுங்குகிறது என்று பார்க்க வேண்டும். சில நாளுக்குள் கால் பலமிழந்து, அது மேலே ஏறிக்கொண்டே போனால் காத்திருக்கவே கூடாது, நேராக அவசர சிகிச்சைக்குப் போய்விட வேண்டும்.

உனக்கு எரிச்சல் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். நரம்பில் கரண்ட் வைத்து வேகம் பார்க்கும் சோதனை தடித்த இழைகளைத்தான் அளக்கும். எரிச்சலும் சூடும் மெல்லிய இழைகளின் சமாசாரம். ரிப்போர்ட் நார்மலாக வந்தும் உன் கால் எரியலாம். ‘மனசுதான் காரணம்’ என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடாதே. கணுக்காலுக்கு மேலே 3 மில்லிமீட்டர் தோல் எடுத்து அந்த மெல்லிய இழைகளை எண்ணிப் பார்க்கவும் வழி இருக்கிறது.

முக்கியமாக, காரணத்தைத் தேடச் சொல். சர்க்கரை, பி12, தைராய்டு, சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. மது, சில புற்றுநோய் மருந்துகள், தொழுநோய் என்று பட்டியல் இன்னும் நீளும். எனக்கு இரட்டை அடி. சர்க்கரை ஒரு பக்கம், அதற்குப் பல வருஷமாகச் சாப்பிட்ட மெட்ஃபார்மின் பி12-ஐக் குறைத்தது இன்னொரு பக்கம். நீயாக வாங்கிச் சாப்பிடும் அந்த நரம்புச் சத்து மாத்திரையின் அட்டையையும் படித்துப் பார். பைரிடாக்சின் என்று இருந்தால் அது பி6. அதிக அளவில் மாதக்கணக்கில் போட்டால் அதுவே நரம்பைக் கெடுக்கும். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது!

எரிச்சலுக்கு ப்ரீகபாலின், டுலாக்செட்டின், அமிட்ரிப்டிலின் என்று மருந்துகள் இருக்கின்றன. சின்ன அளவில் ஆரம்பித்து மெல்லக் கூட்டுவார்கள். தூக்கம் தள்ளும், தலை சுற்றும், நாமாகப் பட்டென்று நிறுத்தவும் கூடாது. இவை வலியை அடக்கும், போன உணர்வைத் திருப்பித் தராது. எரிச்சல் தானாக நின்றாலும் குணமாகிவிட்டது என்று குதிக்காதேடா. நரம்பு முழுக்க ஓய்ந்துபோனாலும் எரிச்சல் நின்றுவிடும். எரிகிற கால் தூங்கவிடாது என்பதால் மனுஷன் டாக்டரிடம் போய்விடுவான். என்னுடையது போல ஊமைக்கால்தான் ஆளைக் கவிழ்க்கும்.

பி12 ஊசியும் சர்க்கரைக் கட்டுப்பாடுமாக ஒரு வருஷம் ஓடிவிட்டது. பாதம் அப்படியே இருக்கிறது, மேலே ஏறவில்லை. நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தாலே நல்ல வேகமாம், அதனால் அவசரப்படுவதை விட்டுவிட்டேன். படுக்குமுன் தரையில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். ஷூவைத் தட்டாமல் போடுவதில்லை. குளிக்கும் தண்ணீரின் சூட்டை முழங்கையால்தான் பார்க்கிறேன். வீட்டுக்குள்ளும் செருப்பு, பின்வார் வைத்தது.

டாக்டரிடம் போவதற்கு முன்னால் இன்று ராத்திரி ஒன்று செய். கண்ணை மூடிக்கொண்டு படு. உன் மனைவியை ஆள்காட்டி விரல் நுனியால் உன் கால்விரல்களை லேசாகத் தொடச் சொல். ஒவ்வொரு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல், ஆக மொத்தம் ஆறு. ஒன்றிரண்டு விநாடி போதும், அழுத்தவோ தட்டவோ வேண்டாம். தொட்டதும் இடதா வலதா என்று சொல். இரண்டோ அதற்கு மேலோ உனக்குத் தெரியாமல் போனால் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள். ஆறும் தெரிந்தாலும் எரிச்சலுக்கு டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். எத்தனை தெரிந்தது என்று எனக்கு எழுது.

உன்,
பழைய பெஞ்சுத் தோழன்