விசுவுக்கு, பன்றி விஷயமாக

நரசீபுரம்
கார்த்திகை 8

அன்புள்ள விசு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. கண் ஆபரேஷனால் பதில் தள்ளிப்போயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம். வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். குனியாதே, தலைக்கு ஊற்றாதே, டிவி பார்க்காதே என்று பத்து நாள் வீட்டில் ராணுவ ஆட்சி. ஆனால் உண்மையான காரணம் உன் கடிதத்தின் கடைசிப் பக்கம். பயிரை அழிக்கிற காட்டுப்பன்றியைச் சுடலாமா, கூடாதா என்று எழுதிவிட்டு, "துப்பாக்கிக் கட்சியில் நீயும் சேர்ந்துவிட்டாயாமே" என்று கேட்டிருந்தாய். யார் சொன்னார்கள் என்று தெரியும். அவனை அப்புறம் கவனித்துக்கொள்கிறேன்.

கட்சி எதிலும் சேரவில்லை. நடந்தது இவ்வளவுதான். போன மாதம் கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறைதீர் கூட்டம். நான் வழக்கமாகப் போவதில்லை. இந்த முறை பக்கத்துத் தோட்டத்துக்காரர் இழுத்துக்கொண்டு போனார். அவர் பன்றி சாய்த்த மக்காச்சோளத் தட்டையை ஒரு கட்டாகக் கட்டி, வேனில் ஏற்றி, மேடைக்கு முன்னால் போட்டார். பின்வரிசையில் காடு காக்கும் இளைஞர்கள் நாலைந்து பேர். அதில் ஒரு பையன் எழுந்து, "காட்டை நீங்கள் ஆக்கிரமித்துவிட்டுப் பன்றியைக் குறை சொல்வதா?" என்றான். அவ்வளவுதான், கூச்சல். நான் எழுந்து இரண்டு பேரையும் உட்காரச் சொல்லிவிட்டு மாராத்தாள் அக்காவின் மாட்டைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினேன். அதைத்தான் துப்பாக்கிக்கு ஓட்டுப் போட்டதாக உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த மாட்டுக் கதையை உனக்கும் சொல்லிவிடுகிறேன்.

மாராத்தாள் அக்காவுக்கு இருப்பதே ஒரு கறவை மாடுதான், சிந்திக் கலப்பு. ஆவணி கடைசியில் ஒருநாள் காலை ஓடைக்கரை ஓரமாக மேய விட்டிருந்தார். ஏழு மணி இருக்கும், டப்பென்று ஒரு சத்தம். யார் வண்டி டயரோ வெடித்தது என்று நினைத்துக்கொண்டு நான் காபியைக் குடித்து முடித்தேன். அப்புறம் அக்கா ஓடி வந்தார். போய்ப் பார்த்தால் மாடு நின்றுகொண்டிருக்கிறது. கீழ்த்தாடை இல்லை. நாக்கு மட்டும் தொங்குகிறது. எச்சிலும் ரத்தமுமாக நூல் நூலாக இறங்கித் தரையில் சேறு. வலியில் கத்தவும் இல்லை. நேராகத் தொட்டிக்கு நடந்து வந்து மூக்கைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றது. "தண்ணி குடிக்க வருது கண்ணு, குடிக்க வாயில்லையே" என்று அக்கா சொன்னதை இன்னும் மறக்க முடியவில்லை. கால்நடை டாக்டர் மத்தியானம் வந்தார். பார்த்தவுடன் தலையை ஆட்டிவிட்டு ஊசி போட்டு முடித்துவைத்தார்.

அவுட்டுக்காய், தீனிக்குள் மறைத்து உருண்டையாக வைக்கிற வெடி. உங்கள் பக்கம் பன்னிப் படக்கம் என்பீர்களே, அதேதான். பன்றிக்கு வைத்தது. யார் வைத்தது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை, நானும்தான்.

விசு, 2020 மே மாதம் உங்கள் பாலக்காட்டு ஜில்லாவில் வெள்ளியாற்றில் இறங்கி நின்றபடியே ஒரு யானை செத்தது. வயிற்றில் குட்டி வேறு. அன்றைக்கு ராத்திரி எனக்குப் போன் செய்து பேச முடியாமல் வைத்துவிட்டாய். அந்த யானையின் வாயைக் கிழித்ததும் யானைக்கு வைத்த வெடி இல்லை. விசாரணையில் பன்றிக்கு வைத்தது என்றுதான் வந்தது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாரண்டஹள்ளி பக்கம் மூன்று பெண் யானைகள் ஒரே வயலில் மின்சாரம் தாக்கிச் செத்தன, இரண்டு குட்டிகள் மட்டும் தப்பித்துப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தன. அங்கேயும் காவலுக்கு என்று திருட்டுத்தனமாக இழுத்த கம்பிதான். அதற்குப் பிறகு அரசாங்கம் மின்வேலிக்குப் பதிவு, அனுமதி என்று அந்த வருஷமே விதி கொண்டுவந்தது. சோலார் வேலிக்காரர்கள் பதிவு செய்தார்கள். கொக்கி போடுகிறவன் எந்த ஆபீசில் போய்ப் பதிவு செய்வான்?

நீ "சுடலாமா, கூடாதா" என்று கேட்கிறாய். இங்கே தினம் கொன்றுகொண்டுதான் இருக்கிறார்கள். யாரும் பார்க்காத நேரத்தில், எது வந்து கடிக்கும் என்று தெரியாமல், கணக்கில்லாமல் கொல்கிறார்கள். கூட்டத்தில் அந்தப் பையன் பேசும்போதும் சரி, தட்டையைக் கொண்டுபோய்ப் போட்ட நம் ஆள் பேசும்போதும் சரி, இந்த ஒரு விஷயத்தை மட்டும் இருவரும் தொடவே இல்லை. கணக்கு எழுதி, ஒரு ஆள் பொறுப்பேற்று, வெளிச்சத்தில் சுடுகிற குண்டு, ஓடைக்கரையில் கிடக்கிற உருண்டையைவிட எனக்கு மேலாகப் படுகிறது. இவ்வளவுதான் என் கட்சி.

ஆனால் அந்தக் குண்டுக்கு எங்கள் ஊரில் வழி இருக்கிறதா என்றால், அங்கே ஒரு வேடிக்கை. 2025 ஜனவரியில் வந்த எங்கள் அரசாணை உனக்குத் தெரிந்திருக்கும். காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைத் தொடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம், அவர்கள் மட்டும். போனை வைத்துக்கொண்டு மேப்பில் அளந்து பார்த்தேன். நம் கிணற்றடி இரண்டு கிலோமீட்டர் முந்நூறு மீட்டர்! நடுக்கட்டம். இன்னும் எழுநூறு மீட்டர் கிழக்கே அப்பா நிலம் வாங்கியிருந்தால் நான் வேறு சட்டத்தில் இருந்திருப்பேன். அதே பன்றிக் கூட்டம் ஒரே ராத்திரியில் மூன்று கட்டத்தையும் நடந்து கடந்துவிட்டு விடிவதற்குள் திரும்பிவிடுகிறது. காவல் சுற்ற வரும் வாட்சரிடம் பிடிப்பதைப் பற்றிக் கேட்டேன். சிரித்துக்கொண்டே, "புடிச்சுக் கொண்டுபோய் உட்டரலாம் சார். நாம ஜீப்புல திரும்பி வரதுக்குள்ள அது நடந்து வந்துரும்" என்றார்.

இருந்தாலும் அந்தக் கோடு போட்டவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. காட்டோரத்தில் பன்றி புலிக்கும் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் சாப்பாடு. அதைச் சுட்டுத் தீர்த்தால் சிறுத்தை யார் வீட்டு நாயைத் தேடும் என்று சொல்லவே வேண்டாம். விருதுநகர், ராமநாதபுரம் பக்கமெல்லாம் கதை வேறு. காட்டையே பார்க்காத பன்றிகள் கண்மாய்க்குள் சீமைக் கருவேலத்தில் குடியிருந்து பெருகுகின்றன. அவற்றை எந்தக் காட்டுக்குத் திருப்பி அனுப்புவது?

சரி, உங்கள் ஊருக்கு வருகிறேன். 2022இல் கேரளம் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கே அதிகாரம் கொடுத்தது. வன உயிரினச் சட்டத்தின் 11ஆவது பிரிவில் முதன்மை வன உயிரினக் காப்பாளருக்கு இருக்கிற அதிகாரம் கீழே இறங்கி, மாவட்டம் தாண்டி, உங்கள் ஊர்த் தலைவர் கைக்கு வந்துவிட்டது. நீ அதைக் கேலி செய்திருக்கிறாய். எனக்கு அது பிடித்திருக்கிறது. தப்பு நடந்தால் யாரைக் கேட்பது என்று தெரியுமே. துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர் குறைவு, தேர்தல் வந்தால் அதுவும் ஸ்டேஷனுக்குப் போய்விடுகிறது என்று எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தேன். பன்றிக்குத் தேர்தல் நடத்தை விதி கிடையாது.

அதற்கு மேல் உங்கள் அரசாங்கம் பன்றியை க்ஷுத்ரஜீவி, அதாவது யாரும் கொல்லலாம் என்கிற தீங்குப் பிராணி, என்று அறிவிக்கச் சொல்லி டில்லியிடம் பலமுறை கேட்டுப் பார்த்தது. 62ஆவது பிரிவுப்படி அதை மத்திய அரசுதான் செய்ய முடியும். அவர்கள் மறுத்துவிட்டார்கள், 11ஆவது பிரிவே போதும் என்று. 2025இல் உங்கள் சட்டமன்றமே திருத்த மசோதா நிறைவேற்றியது. ஜனாதிபதி ஒப்புதல் வேண்டும். 1976 வரை காட்டு விலங்கு மாநிலப் பட்டியலில்தான் இருந்தது, 42ஆவது திருத்தத்தில் பொதுப் பட்டியலுக்குப் போனது. அதனால்தான் இன்று இந்தச் சுற்று. சட்டம் டில்லியில், நஷ்டஈட்டு மனு தாலுகாவில், பன்றி என் வாழைத்தோப்பில்.

க்ஷுத்ரஜீவி அறிவிப்பில் எனக்குச் சம்மதம் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன், நீ கொஞ்சம் சமாதானம் அடைவாய். அப்படி அறிவித்துவிட்டால் கணக்கு போய்விடும். யார் சுட்டார், எத்தனை சுட்டார், சினையா குட்டியா, ஒன்றும் கேட்க வேண்டாம் என்றாகிவிடும். 2016இல் பீகாரில் மொகாமா பக்கம் நீல்காய் என்கிற மான் ஜாதிக்கு அப்படித்தான் அறிவித்தார்கள். ஹைதராபாத்திலிருந்து ஆள் கூட்டி வந்து சில நாளில் 200க்கு மேல் சுட்டார்கள். மத்திய மந்திரியாக இருந்த மேனகா காந்தியே சுற்றுச்சூழல் அமைச்சகத்தைப் பகிரங்கமாகத் திட்டினார். ஒரே அமைச்சரவைக்குள் சண்டை. அந்தச் சண்டையில் மொகாமா விவசாயி எங்கே இருந்தார் என்றே யாருக்கும் நினைவில்லை.

நீ எழுதிய இன்னொன்றும் சரிதான். பன்றி சுட்டுக் குறைகிற ஜாதி இல்லை. மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் சினை. ஈத்துக்கு நாலு, ஐந்து, ஆறு குட்டி. வேட்டை அதிகமாக நடக்கிற இடங்களில் இளம் பெட்டைகளே சீக்கிரம் குட்டி போட ஆரம்பித்துவிடுவதாக ஐரோப்பாவில் பார்த்திருக்கிறார்கள். எத்தனை இருக்கிறது என்று எண்ணாமல் எத்தனை சுடுவது என்று எப்படித் தீர்மானிப்பது? எங்கள் ஜில்லாவில் யாரும் வந்து எண்ணி நான் பார்க்கவில்லை. இலங்கைக்காரர்களைப் பார், 2025 மார்ச் 15ஆம் தேதி காலை எட்டிலிருந்து எட்டு ஐந்து வரை, நாடு முழுக்க ஜனங்களைத் தோட்டத்தில் நிறுத்தி, குரங்கு, மயில், மலை அணில் எல்லாவற்றையும் எண்ணச் சொன்னார்கள். ஐந்து நிமிஷக் கணக்கு எவ்வளவு சரியாக இருக்கும் என்று கேலி செய்தவர்கள் உண்டு. எண்ண வேண்டும் என்று தோன்றியதே, அதுவரைக்கும் நல்லது.

இறைச்சி விஷயம் உனக்குச் சங்கடம், நீ சைவம். ஆனாலும் சொல்கிறேன். உங்கள் ஊரில் சுட்ட பன்றியின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றிக் குழியில் புதைக்கிறார்கள். எண்பது கிலோ உடம்பு. மாராத்தாள் அக்கா கேட்டால் வாயில் அடித்துக்கொள்வார். கறியை விற்க விட்டால் காட்டுக்குள் போய்ச் சுட ஆரம்பிப்பான் என்கிற பயம் எனக்கும் புரிகிறது. அந்தப் பயம் நியாயம்தான். சூழலியல் அறிஞர் மாதவ் காட்கில் போன்றவரே வேட்டைக்கு லைசென்ஸ் முறை வேண்டும் என்று பேசியபோது நம்மைப் போன்றவர்கள் எல்லாம் அதிர்ந்து போனோம். மேற்குத் தொடர்ச்சி மலைக்காக அவர் வாங்கிய திட்டு எவ்வளவு! அந்த மனிதர் சொன்னார் என்றால் ஒரு நிமிஷம் நின்றாவது கேட்கலாம் என்று நினைக்கிறேன். முழுசாக ஒத்துக்கொள்ள இன்னும் முடியவில்லை. நம் ஊரில் லைசென்ஸ் யார் கைக்குப் போகும் என்று உனக்கே தெரியும்.

ஒரு பழைய கதை, நீ ரசிப்பாய். நீலகிரியில் வேட்டைக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தவர்களே வேட்டைக்காரர்கள்தான். 1877இல் ஊட்டி வெள்ளைக்காரர்கள் சங்கம் வைத்தார்கள். வரையாடு சுடச் சுடக் குறைந்து, சுட ஆடு இல்லாமல் போய்விடுமோ என்ற கவலை. 1879இல் சட்டமே வந்தது, இந்த மாதத்திலிருந்து இந்த மாதம் வரை சுடக் கூடாது என்று. நாம் காலேஜ் படிக்கும்போது முக்குருத்திக்கு ஏறி, மூடுபனி விலகுவதற்காக மூன்று மணி நேரம் காத்திருந்து பார்த்த அந்தப் பதினோரு ஆடுகள், ஒரு வகையில் அந்தத் துரைகள் மிச்சம் வைத்தவை. அன்றைக்கு உன் ஸ்வெட்டரை நான் போட்டுக்கொண்டு திருப்பித் தரவே இல்லை, ஞாபகம் இருக்கிறதா?

வீட்டுச் செய்தி. பேத்திக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. மைத்துனர் போன மாதம் தவறிவிட்டார், தனியாகப் போனில் சொல்கிறேன். சரஸ்வதிக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

மக்காச்சோளம் இப்போது பால் பிடித்து நிற்கிறது, பன்றிக்குப் பிடித்த பருவம். வீட்டிலிருந்த பழைய சேலை எல்லாம் வரப்பில் ஏறிவிட்டது. சலூனிலிருந்து முடி வாங்கித் தூவியாயிற்று. முதல் நாலு நாள் பயந்தது, அப்புறம் சேலைக்குக் கீழே நுழைந்து வருகிறது. கண் கட்டு அவிழ்த்ததும் நேற்றுப் பரணில் ஏறினேன். சரஸ்வதி திட்டியதைச் சொல்லி முடியாது. பதினொன்றரைக்குத் தட்டை முறிகிற சத்தம், படக், படக் என்று. டார்ச் அடித்தால் ஒரு தாய், பின்னால் வரிவரியாக முதுகுள்ள ஆறு குட்டி. தாய் நெஞ்சால் தட்டையை அழுத்திச் சாய்த்துப் பிடித்துக்கொள்கிறது, குட்டிகள் கதிரை உரிக்கின்றன. புதுக் கண்ணில் ஒவ்வொரு வரியும் அத்தனை தெளிவு. தகர டப்பாவைத் தட்ட வேண்டும் என்பதே ஒரு நிமிஷம் மறந்துவிட்டது. அந்த ஒரு நிமிஷத்தில் இருபது தட்டை போயிற்று.

மாராத்தாள் அக்கா இன்னொரு கன்று வாங்கக் கேட்டிருக்கிறார், சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்று நாங்கள் நாலு பேர் பேசியிருக்கிறோம். நீயும் சேர்வாய் என்று உன் பேரையும் எழுதிவிட்டேன்.

தைக்கு வா. வரும்போது அந்த ஐந்து கட்டை டார்ச் இன்னும் எரிந்தால் கொண்டு வா, என்னுடையது வெளிச்சம் போதவில்லை. நேந்திரங்காய் வறுவல் வேண்டாம், சர்க்கரை ஏறிவிட்டது. சரஸ்வதிக்கு மட்டும் கொஞ்சம் வாங்கி வா, தனிப் பொட்டலமாக.

உன்
பழனிசாமி