சிவப்புக் கோட்டுக்கு முன்னால்

ஈசூன்,
சிங்கப்பூர்

அன்புள்ள முருகேசு,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லாரும் நலம், என் முழங்காலைத் தவிர. கயல் விமானம் ஓட்டப் படிக்கிறாள் என்று படித்ததும் சிலேத்தார் விமான நிலையத்தில் வேலை பார்த்த நாள்கள் நினைவுக்கு வந்துவிட்டன.

"சிவப்புக் கோடுவரை போகலாம்தானே" என்று கேட்டாளாமே. வேகமானியில் அந்தக் கோடுதான் ஒருபோதும் தாண்டக்கூடாத எல்லை. செஸ்னா 172எஸ் என்ற சிறிய விமானத்தில் அது 163 நாட், அதாவது மணிக்குச் சுமார் 300 கிலோமீட்டர். ஆனால் 129-க்கு மேல் மஞ்சள் பட்டை தொடங்கிவிடும். காற்று அசையாமல் இருந்தால்தான் அதற்குள் போகலாம். நம் ஊர்ப் பிற்பகல் மேகங்களுக்கு அடியில் அப்படிப்பட்ட காற்று ஏது? அதுவும் கீழே இறங்கும்போது எஞ்சினைக் குறைக்காமல் மூக்கைத் தாழ்த்தினால், முள் தானாக மஞ்சளுக்குள் போய் நிற்கும். அங்கே குலுங்கினால் எஞ்சினைக் குறைத்து, மூக்கை மெல்லத் தூக்கவேண்டும். வெடுக்கென்று இழுத்தால் அந்த இழுப்பே இறக்கைக்குக் கூடுதல் சுமை.

சிவப்புக் கோடு, சோதனையில் பறந்து காட்டிய வேகத்தைவிட 10 சதவீதமாவது குறைவு. அந்த இடைவெளியை உபரி என்று நினைக்கக்கூடாது. கீல் தேய்ந்திருக்கலாம், ஏலெரானுக்கு, அதாவது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகைக்கு, புது வண்ணம் பூசியவர்கள் சமநிலையைச் சரிபார்க்காமல் விட்டிருக்கலாம். அப்போது குறைந்த வேகத்திலேயே அதிர்வு தொடங்கி, நொடிகளில் வளர்ந்து, இறக்கையையே பிய்த்துவிடும்.

இன்னொன்று, பலருக்கும் தலைகீழாகத் தெரிவது. காற்றுக் கொந்தளிப்பில் கடைப்பிடிக்கும் வேகம் அதே செஸ்னாவில் முழு எடையில் 105 நாட். 1,900 பவுண்டில் 90தான். காலி லாரிதானே பள்ளத்தில் அதிகம் தூக்கிப்போடும்? தனியாகப் பறக்கும் நாளில் அவள் இன்னும் மெதுவாகப் போகவேண்டும்.

அந்த வேகத்துக்குக் கீழே கட்டுப்பாடுகளை எப்படியும் ஆட்டலாம் என்பதும் தப்பு. 2001 நவம்பரில் நியூயார்க்கில் ஓர் ஏர்பஸ் ஏ300 பயணிகள் விமானம் தனக்குரிய அந்த வேகத்துக்குக் கீழேதான் பறந்தது. வாலில் உள்ள சுக்கானை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி மிதித்ததில் செங்குத்து வால் கழன்று, 265 பேர் போனார்கள்.

சரி, அவள் ஓட்டுவது எந்த விமானம் என்று எழுதச் சொல். டைமண்ட் டிஏ40 போன்ற வேறு விமானம் என்றால் இதே எண்கள் பொருந்தாது. அதன் கையேட்டைத்தான் பார்க்கவேண்டும். அப்புறம், தீபாவளிக்கு இந்தப் பக்கம் வருகிறாயா?

அன்புடன்,
ராசு