மழையில் நிற்கிற டயராகப் பார்த்து வாங்கு

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீ அனுப்பிய படங்களை அப்பா காருக்காகப் பார்த்தார், நான் டயருக்காகப் பார்த்தேன். ஜெர்மனியில் ஒரு ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. கார் வாங்க வேண்டும் என்பது உன் நெடுநாள் ஆசை. பழைய காரானாலும் நல்ல காராகவே எடுத்திருக்கிறாய். ஆனால் அந்த முன் இடது டயரின் உட்பக்க விளிம்பைக் கவனித்தாயா? வெளிப்பக்கம் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் மேட்டு வரி, தெளிவாக நிற்கிறது. உட்பக்கம் இரண்டு விரலகலத்துக்கு மொழுமொழுவென்று தேய்ந்திருக்கிறது. நின்றபடி பார்ப்பவர் கண்ணில் இது படாது. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி வைத்து நீ படம் எடுத்ததால்தான் தெரிந்தது. பக்கச்சுவரில், சின்ன நீள்வட்டத்துக்குள் 2318 என்று இருக்கிறது: 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். தேய்மானத்தாலும் வயதாலும் அதன் காலம் முடிந்துவிட்டது. நான்கையும் மாற்றிவிடு.

கடைக்காரர் மூன்று விலை சொன்னார், எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறாய். பெயரே கேள்விப்படாத மலிவான ஒன்று, நடுத்தர விலையில் ஒன்று, முதல் வரிசை நிறுவனத்தின் விலை கூடிய ஒன்று. நானாக இருந்தால் நடுவில் உள்ளதை எடுப்பேன், ஒரே ஒரு நிபந்தனையோடு: ஈரச் சாலையில் அது நன்றாக நிற்க வேண்டும். மற்ற எல்லாவற்றிலும் பேரம் பேசு, மிச்சம் பிடி. ஈரப்பிடியில் மட்டும் மிச்சம் பிடிக்காதே. ரப்பர் கலவை ஆய்வகத்தில் வேலை பார்த்த அம்மா இருக்கும்போது நீ விளம்பரத்தைப் பார்த்து டயர் வாங்க வேண்டியதில்லை, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. காரும் நீயுமாகச் சேர்ந்து ஏறத்தாழ 1,400 கிலோ. டயரில் காற்றழுத்தம் 2.5 பார், அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 கிலோ. வகுத்துப் பார்: நான்கு டயரும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு 560 சதுர சென்டிமீட்டர்தான். ஒரு டயருக்கு 140. விரல்களைச் சேர்த்து உன் ஒரு கையளவு. 350 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை உள்ள அந்த எஞ்சின் தன் வலு முழுவதையும் முன்பக்கத்து இரண்டு கையளவு ரப்பர் வழியாகத்தான் சாலையில் இறக்குகிறது. வேகம் 100-லிருந்து 130 ஆகும்போது, காரை நிறுத்த பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் 1.7 மடங்காகிறது. 200 போனால் நான்கு மடங்கு. ஆட்டோபான் எனும் அந்த நாட்டு விரைவுச் சாலையில் 130 என்பது வெறும் பரிந்துரை வேகம். அதைத் தாண்டிப் போகிறவர்கள் நடுவில்தான் நீயும் ஓட்டப் போகிறாய். அதிலும் நீ வாரந்தோறும் உல்ம் போய் வரும் ஏ8 சாலை சுவேபிய ஆல்ப் மலையில் ஏறி இறங்கும் இடத்தில் வளைவும் சரிவும் சேர்ந்து வருகின்றன. அங்கே மழை பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்றுதான் என் மனம் முதலில் போகிறது.

இனி ரப்பரின் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். ஆய்வகத்தில் கலவையின் ஒரு சின்னத் துண்டைக் கருவியில் மாட்டி, விடாமல் இழுத்துத் தளர்த்தி, ஒவ்வொரு சுற்றிலும் அது எவ்வளவு ஆற்றலை வெப்பமாக இழக்கிறது என்று அளப்போம். 0 டிகிரியில் ஓர் அளவு, 60 டிகிரியில் ஓர் அளவு. சாலையின் நுண்ணிய கற்பரப்பில் வழுக்கும் ரப்பர் நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிர்கிறது. அவ்வளவு வேகமான அதிர்வில் அது குளிரில் இருப்பது போலவே நடந்துகொள்ளும். ஆகவே 0 டிகிரியில் இழப்பு அதிகமானால் ஈரத்தில் பிடி நன்றாக இருக்கும். சக்கரம் உருளும்போது வரும் அதிர்வோ மெதுவானது, அதை 60 டிகிரி அளவு காட்டும். அங்கே இழப்பு குறைந்தால் பெட்ரோல் மிச்சம். கார்பன் பிளாக் என்ற கரித்தூளை மட்டும் வைத்துக் கலவை செய்த காலத்தில் ஈரப்பிடியைக் கூட்டினால் பெட்ரோல் செலவும் கூடியது. சிலிகாவையும் அதை ரப்பரோடு பிணைக்கும் சிலேனையும் சேர்த்த பிறகே இரண்டையும் தனித்தனியாகத் திருத்த முடிந்தது. 1992-இல் மிஷெலின் அப்படிப்பட்ட டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது எங்கள் தொழிலே திரும்பிப் பார்த்தது.

சிலிகா கலவை செலவு பிடித்தது. கலக்கும் இயந்திரத்துக்குள் வெப்பம் குறைந்தால் சிலேன் சரியாக வினைபுரியாது. மிஞ்சினால் ரப்பர் அங்கேயே வெந்து இறுகத் தொடங்கிவிடும். பல கட்டமாக, நேரம் எடுத்துக் கலக்க வேண்டும். விலையைக் குறைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கைவைப்பது இங்கேதான். மலிவான டயர் காய்ந்த சாலையில் குறை தெரியாமல் ஓடும். உன் கார் நிறம் போலவே அதுவும் பளபளவென்று இருக்கும். முதல் கனமழையில், முன்னே போகும் லாரியின் சிவப்பு விளக்கு எரியும்போதுதான் வித்தியாசம் வெளியே வரும். அந்தச் சோதனையில் நீ மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இதை உன்னால் கடையிலேயே சரிபார்க்க முடியும். ஐரோப்பாவில் ஒவ்வொரு டயருக்கும் ஒரு சீட்டு உண்டு. 2021 மே மாதத்திலிருந்து அது புதிய வடிவில் வருகிறது: எரிபொருளுக்கும் ஈரப்பிடிக்கும் ஏ முதல் இ வரை தரம், ஓசைக்கு டெசிபெல். இப்போது நீ வாங்கப் போவது கோடை டயர், அதாவது பனியில்லாத மாதங்களுக்கானது; ஈரப்பிடியில் ஏ இல்லாததை வாங்காதே. ஒரே பெயருள்ள டயர் ஓர் அளவில் ஏ, இன்னோர் அளவில் பி என்று இருப்பதுண்டு, அதனால் உன் அளவுக்கான சீட்டையே பார். சீட்டில் உள்ள கியூ.ஆர். குறியைப் போனில் ஸ்கேன் செய்தால் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுப் பதிவேட்டில் அந்த டயரின் பக்கம் திறக்கும்.

சீட்டோடு நின்றுவிடாதே. அதில் உள்ள தரத்தை நிறுவனமே சோதித்து எழுதிக்கொள்கிறது. தேங்கிய தண்ணீரில் டயர் மிதப்பது, காய்ந்த சாலையில் பிரேக் தூரம், எத்தனை கிலோமீட்டர் உழைக்கும் என்பதெல்லாம் அதில் இருக்காது. அவற்றுக்கு ஏ.டி.ஏ.சி. என்ற ஜெர்மானிய வாகன ஓட்டிகள் சங்கத்தின் டயர் சோதனையைப் படி. 2023 முதல் அவர்கள் மதிப்பெண்ணில் 70 சதவீதம் ஓட்டப் பாதுகாப்புக்கும் 30 சதவீதம் சுற்றுச்சூழலுக்கும் போகிறது, அந்த 30-க்குள் தேய்மானமும் அடக்கம். மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு ஈரச் சாலை என்ற பத்தியை முதலில் பார்.

பெயர் சொல்லு என்பாய், சொல்கிறேன். ஹான்கூக் வென்டஸ் எஸ்1 ஈவோ3, ஃபால்கன் அசெனிஸ் எஃப்.கே.520, வெரெடெஸ்டைன் அல்ட்ராக் வோர்ட்டி இந்த மூன்றில் எது உன் அளவில் நல்ல தரத்தோடும் நல்ல விலையிலும் கிடைக்கிறதோ அதை எடு. வெரெடெஸ்டைன் டச்சுப் பெயர்தான். 2009-இல் அந்த நிறுவனத்தை வாங்கியது நம் அப்பல்லோ. ஒரகடம் பக்கம் போகும்போது நீ பார்த்திருப்பாயே, அதே அப்பல்லோ. மழையே உன் பெரிய கவலை என்றால் யூனிராயல் ரெயின்ஸ்போர்ட் 5 இருக்கிறது. அது கான்டினென்டல் குடும்பத்தைச் சேர்ந்தது. ஈரத்தில் கெட்டிக்காரத்தனம் காட்டும், கோடை வெயிலில் ஸ்டீயரிங் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 5 தள்ளுபடியில் வந்து நடுத்தர விலையை நெருங்கினால் யோசிக்காமல் எடுத்துவிடு. உன் அலுவலக நண்பர் சொன்ன பந்தயத் தட வகை டயர் வேண்டவே வேண்டாம். அதற்கு வெப்பம் ஏறினால்தான் பிடி வரும், பள்ளம் குறைவாதலால் தண்ணீரை வெளியே தள்ளாது.

விலையை எப்போதும் கிலோமீட்டரோடு சேர்த்துப் பார். ஒரு பேச்சுக்கு, மாட்டும் கூலியோடு 105 யூரோ ஆகும் டயர் 22,000 கிலோமீட்டர் ஓடுகிறது, 140 யூரோ டயர் 35,000 ஓடுகிறது என்று வைத்துக்கொள். 10,000 கிலோமீட்டருக்கு முதலாவது ஏறத்தாழ 48 யூரோ தின்கிறது, இரண்டாவது 40. முன்சக்கரம் இழுக்கும் இந்தக் காரில் முன் டயர்கள் சீக்கிரம் தேயும், அதனால் இந்தக் கணக்கு உனக்கு இன்னும் அதிகம் பொருந்தும். பக்கச்சுவரில் டிரெட்வேர் என்று ஓர் எண் அச்சாகியிருக்கும். அதை ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட மட்டும் வைத்துக்கொள். நிறுவனம் மாறினால் அந்த எண்ணை நம்ப முடியாது.

அளவில் விளையாடாதே. உன் காரில் இருப்பது 225/40 ஆர்18 92ஒய் எக்ஸ்.எல். 225 என்பது மில்லிமீட்டரில் அகலம், 40 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரம் எத்தனை சதவீதம் என்பது, 18 என்பது அங்குலத்தில் ரிம் விட்டம், எக்ஸ்.எல். என்றால் கூடுதல் சுமை தாங்கும் வகை. 92 என்றால் ஒரு டயர் 630 கிலோ தாங்கும். இதே அளவில் 88 என்று மலிவாகக் கிடைக்கும், அது 560 கிலோதான் தாங்கும். ஒய் என்பது 300 கிலோமீட்டர் வேகத்துக்கு, டபிள்யூ 270-க்கு, வி 240-க்கு. உன் காரின் உச்ச வேகம் 240-ஐத் தாண்டுவதால் கோடை டயரில் வி எழுத்து செல்லாது. நீ அந்த வேகத்தைத் தொட மாட்டாய் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாய், தெரியும். இருந்தாலும் சட்டப்படி எழுத்து சரியாக இருக்க வேண்டும். பி.எம்.டபிள்யூ.வுக்கு நட்சத்திரம், போர்ஷேவுக்கு 'N' எழுத்து என்று தனிக் குறி போட்ட டயர்கள் உண்டு. கடைக்காரர் குறி போட்ட டயரைக் காட்டிக் கூடுதல் விலை சொன்னால் உனக்கு அது தேவையில்லை.

பனிக்காலத்துக்கு வேறு ஒரு செட் வைத்துக்கொள். கோடை டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே போனால் விறைக்கத் தொடங்கும் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. 2024 அக்டோபர் 1 முதல் அங்கே மலையும் பனித்துகளும் உள்ள குறி இருக்கும் டயரே பனிக்காலத்துக்குச் செல்லும். எம்+எஸ் (சேறு, பனி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று மட்டும் எழுதிய பழைய டயரோடு பனிச்சாலையில் பிடிபட்டால் 60 யூரோ அபராதமும் ஓட்டுநர் பதிவில் ஒரு தண்டப் புள்ளியும். இங்கேதான் நன்றாக மிச்சம் பிடிக்கலாம்: பனிக்கால செட்டை 225/45 ஆர்17 அளவில் எடு. காரின் பத்திரத்தில் அந்த அளவு அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். மொத்த விட்டத்தில் இரண்டுக்கும் 3 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், விலையில் வித்தியாசம் அதிகம். பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் குளிரில் உருவாகும் குழிகளிலிருந்து ரிம்மும் தப்பிக்கும்.

டயர் மாட்டும் நாளில் இரண்டு விஷயம். வீல் அலைன்மென்ட் செய்யாமல் புது டயரை ஓட விடாதே. உட்பக்க விளிம்பு அப்படித் தேய்ந்ததற்குக் காரணம் இன்னும் காரிலேயே இருக்கிறது, புது டயரையும் அது தின்றுவிடும். இன்னொன்று, தயாரிப்பு வாரத்தை நான்கு டயரிலும் நீயே படித்துப் பார். மூன்றாண்டு வரை இருப்பில் கிடந்ததை அங்கே புதியதாகவே விற்பார்கள். நன்றாக வைத்திருந்தால் தவறில்லை, ஆனால் அப்படியானால் விலை குறைய வேண்டும், கேள். போல்ட்டை 120 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கச் சொல், 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு போய் மறுபடி பார்த்துக்கொள். திரையில் காற்றழுத்தக் கண்காணிப்பைப் புதிதாகப் பதியவும் மறக்காதே. முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டு, தொழிற்சாலையில் வார்ப்பச்சிலிருந்து டயரைக் கழற்ற வசதியாகப் பூசிய பொருள் மேற்பரப்பிலிருந்து போக வேண்டும்.

சில மாதத்தில் பக்கச்சுவர் பழுப்பாக மாறினால் அழுக்கு என்று நினைத்துப் பாலிஷ் போடாதே. காற்றிலுள்ள ஓசோன் பட்டு ரப்பர் வெடிக்காமல் காக்கும் மெழுகும் மருந்தும் உள்ளேயிருந்து மேலே வந்து படிந்திருக்கும். தண்ணீர் ஊற்றித் துடைத்தால் போதும். மாதம் ஒருமுறை, டயர் ஆறியிருக்கும்போது காற்றழுத்தம் பார். தேய்மானத்துக்குக் கையில் ஒரு யூரோ நாணயம் இருந்தால் போதும்: அதன் பொன்னிற விளிம்பு 3 மில்லிமீட்டர் அகலம். பட்டன் பள்ளத்தில் வைத்தால் விளிம்பு மறைய வேண்டும். சட்டம் 1.6 வரை விடுகிறது, நீ 3-இலேயே மாற்றிவிடு.

பின்னாளில் இரண்டை மட்டும் மாற்ற நேர்ந்தால் புதியவற்றைப் பின்னால் போடச் சொல், முன்சக்கரம் இழுக்கிற காராயிற்றே என்று யார் வாதாடினாலும் சரி. முன்பக்கம் வழுக்கினால் ஸ்டீயரிங்கில் உனக்குத் தெரியும், காலை எடுத்தால் அடங்கும். ஈர வளைவில் பின்பக்கம் போனால் கார் சுழன்றுவிடும், திருத்த நேரம் இருக்காது.

கடையில் எழுதிக் கொடுக்கும் விலைப்பட்டியலை ஒப்புக்கொள்வதற்கு முன் எனக்கு அனுப்பு. டயர் பெயர், 92ஒய், ஈரப்பிடித் தரம், தயாரிப்பு வாரம், அலைன்மென்ட் கூலி ஐந்தும் அதில் இருக்கட்டும். அப்பா உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறார். அதைத் திருப்பி அனுப்பாதே, நடுத்தரத்துக்கும் நல்லதுக்கும் இடையே உள்ள வித்தியாசத்துக்கு வைத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா