குலுக்கலுக்குச் சம்மதித்த 2,481 பேருக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

மாரடைப்பு வந்து 28 நாள் முடிவதற்குள், மனச்சோர்வோ தனிமையோ இரண்டுமோ அழுத்திக்கொண்டிருந்த வேளையில், ஆய்வுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர்கள் நீங்கள். 1996 முதல் அமெரிக்காவில் நடந்து, 2003-இல் முடிவு வெளியான ‘என்ரிச்டு’ ஆய்வைச் சொல்கிறோம். மனநல ஆலோசனை யாருக்கு, வழக்கமான சிகிச்சை மட்டும் யாருக்கு என்பதை அதில் குலுக்கல்தான் முடிவு செய்தது. இதய நோயாளிகளின் மனநலம் பார்க்கும் எங்களுக்கு உங்களிடம் பட்ட கடன் பெரிது.

முதல் நன்றி, குலுக்கலில் வழக்கமான சிகிச்சைப் பக்கம் விழுந்தவர்களுக்கு. மாரடைப்புக்குப் பிந்தைய சோர்வு பலருக்குச் சில மாதங்களில் தானாகவே கொஞ்சம் தணியும். ஒப்பிட ஆள் இல்லையென்றால், அத்தனை பெருமையையும் ஆலோசகர்களே எடுத்துக்கொண்டிருப்போம். ஆறு மாதத்தில், மனச்சோர்வை அளக்கும் ஹாமில்டன் அளவுகோலில் ஆலோசனை பெற்றவர்களுக்கு 10.1 புள்ளி இறங்கியது, உங்களுக்கும் 8.4 இறங்கியது. மரணத்திலும் மறு மாரடைப்பிலும் வித்தியாசமே இல்லை. ஏமாற்றம்தான். ஆனால் அதற்குப் பிறகு, ‘மனசு சரியானால் அடுத்த அட்டாக் வராது’ என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க எங்களுக்கு வாய் வருவதில்லை. சோர்வு தன்னளவிலேயே துன்பம். மாத்திரையையும் நடைப்பயிற்சியையும் கைவிட வைப்பது. சிகிச்சைக்கு அந்தக் காரணங்கள் போதும்.

அடுத்து, ஆலோசனை அமர்வுகளுக்கு வந்தவர்களுக்கு. உங்களில் பாதிப்பேர் 11 அமர்வுக்கு மேல் தாண்டவில்லை என்பதும் எங்களுக்குப் பாடம். நீங்கள் நிரப்பியது போன்ற, மூன்று கட்டம் போட்ட தாளைத்தான் இன்றும் கொடுக்கிறோம். முதல் கட்டத்தில் நடந்தது: ‘மாடிப்படி ஏறினேன், நெஞ்சு படபடத்தது.’ இரண்டாவதில் மனதில் ஓடியது: ‘முடிந்தது, இனி நான் எதற்கும் உதவமாட்டேன்.’ மூன்றாவதில் அதற்குச் சாட்சி: ‘இரண்டு நிமிடம் உட்கார்ந்ததும் அடங்கியது. போன வாரம் பாதிப்படிகூட ஏறவில்லை.’ இந்த மூன்றாவது கட்டத்தை ஆலோசகர் நிரப்பிக் கொடுத்தால் தாள் வீண். நோயாளியின் கையெழுத்தில் வரவேண்டும். (உட்கார்ந்தும் அடங்காத நெஞ்சுவலிக்குத் தாள் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே ஆம்புலன்ஸ்.)

தனிமை பற்றிய கேள்விகளுக்கு ஒளிக்காமல் பதில் சொன்னவர்களுக்கும் நன்றி. ‘பேசவேண்டும் போலிருந்தால் காதுகொடுத்துக் கேட்க ஆள் உண்டா?’ என்ற கேள்விக்கு, வீடு நிறைய ஆளிருப்பவரும் ‘இல்லை’ என்று சொல்லலாம். ‘தனியாகவா இருக்கிறீர்கள்?’ என்று மட்டும் கேட்டால் இவர் எங்கள் கண்ணில் படாமல் போய்விடுவார். ‘தைரியமாக இரு’ என்று பேச்சை முடித்துவைக்கும் உறவினரும், ஒரு டம்ளரைக்கூடத் தூக்கவிடாத உறவினரும் அன்பால்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனாலும் இருவருமே அவரைத் தனியாக்குகிறார்கள்.

2002-இல் வெளியான ‘சாட்ஹார்ட்’ ஆய்வின் 369 பேருக்குத் தனி வணக்கம். செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மாத்திரை இதயத்துக்குப் பாதுகாப்பானது என்று நம்பிக்கையோடு சொல்ல முடிவது உங்களால். மனச்சோர்வுக்கான பழைய ட்ரைசைக்ளிக் வகை மாத்திரைகள் இதயத்துடிப்பின் சீரைக் குலைக்கக்கூடியவை. மாரடைப்புக்குப் பின் அவற்றைத் தவிர்க்கிறோம். செர்ட்ரலினிலும் இரண்டு விஷயம் கவனிக்கவேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரலோடு சேரும்போது ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். மலம் கறுத்தால் அது உள்ளே ரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் சொல்லவேண்டும். பலன் தெரியச் சில வாரமாகும். பத்தே நாளில் ‘இது வேலைக்காகாது’ என்று நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

கடைசியாக, வார்டில் அந்த இரண்டு கேள்வியை விடாமல் கேட்கும் செவிலியர்களுக்கு: கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து கிடந்ததா? தூக்கமின்மையும் அசதியும் இதயத்தாலும் வரும், இதயத்துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையாலும் வரும். அதனால் உங்கள் இரண்டு கேள்விக்கே மதிப்பு அதிகம். ‘ஆம்’ என்றால் ஒன்பது கேள்வித் தாளுக்குப் போகிறீர்கள். மொத்தப் புள்ளி 10-ஐத் தொட்டால் எங்களைக் கூப்பிடுகிறீர்கள். ஒன்பதாவது கேள்வி, உயிரை விடும் எண்ணம் பற்றியது. மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், அதில் ஒரு புள்ளி விழுந்தால் அன்றைக்கே கூப்பிடுங்கள். இரவானாலும் பரவாயில்லை.

நன்றியுடன்,
இதய மறுவாழ்வுப் பிரிவு மனநல ஆலோசகர்கள்