எல்டிஎல் 230-க்கு ‘பயம் வேண்டாம்’ என்று பதில் சொல்லாதீர்கள்: பேலியோ குழு நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் பேலியோ (மாவுச்சத்தைக் குறைத்து, கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடும்) உணவுமுறைக் குழுக்களை நடத்தும் நிர்வாகிகளுக்கும், அங்கே டயட் சார்ட் எழுதித் தரும் ஆலோசகர்களுக்கும்,

வணக்கம்.

காலை இட்லி, மதியம் சோறு, இரவு சப்பாத்தி என்று நாள் முழுக்க மாவுச்சத்திலேயே வாழ்ந்தவர்களை உட்காரவைத்து, தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் செய்தவர்கள் நீங்கள். ரத்தப் பரிசோதனை எடுக்காமல் சார்ட் கிடையாது என்ற விதியும் நீங்கள் வைத்ததுதான். ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் ஒரு கொழுப்பு) கூடுதலாகவும் எச்டிஎல் (‘நல்ல’ கொலஸ்ட்ரால்) குறைவாகவும் இருப்பது தெற்காசியர்களிடம் பரவலான கோளாறு. மாவுச்சத்தைக் குறைத்தால் முன்னது இறங்குகிறது, பின்னது ஏறுகிறது, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) குறைகிறது. இவை எல்லாம் உண்மை. இவற்றை மறுக்க இந்த மடலை எழுதவில்லை.

எங்கள் கவலை உங்கள் பதில் ஒன்றைப் பற்றியது. ஆறு மாதம் கழித்து ஒருவர் அறிக்கையைப் போட்டு, “எல்டிஎல் 230 வந்திருக்கிறதே” என்று கேட்கிறார். (ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் துகள்தான் எல்டிஎல், ‘கெட்ட’ கொலஸ்ட்ரால் என்பது இதைத்தான். எண் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு.) “பேலியோவில் அது ஏறத்தான் செய்யும், ட்ரைகிளிசரைடை மட்டும் பாருங்கள், பயம் வேண்டாம்” என்று பதில் வருகிறது. அவர் அடுத்த ஐந்து வருடமும் அந்த எண்ணோடு இருந்துவிடுகிறார். தயவுசெய்து இந்தப் பதிலை நிறுத்துங்கள்.

இதற்கு ஆதாரமாகச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். அமெரிக்க உணவு வழிகாட்டி 2015-ல் நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் என்ற வரம்பை எடுத்துவிட்டது என்பார்கள். எடுத்தது உண்மைதான். ஆனால் அது சாப்பாட்டில் உள்ள கொலஸ்ட்ராலுக்கான வரம்பு. ரத்தத்தில் உள்ள எல்டிஎல் பரவாயில்லை என்று அந்த வழிகாட்டி சொல்லவே இல்லை. நிறைவுற்ற கொழுப்பு (வெண்ணெய், நெய், தேங்காய் எண்ணெயில் மிகுந்திருப்பது) மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பதும் அதே வழிகாட்டியில்தான் இருக்கிறது. முட்டை மஞ்சள் கருவுக்குக் கிடைத்த விடுதலையை வெண்ணெய்க்கும் சேர்த்து எழுதிக்கொண்டதுதான் பிழை.

அடுத்தது, “பெரிய, பஞ்சு போன்ற எல்டிஎல் துகள் தீங்கு செய்யாது” என்பது. குடும்பவழி மிகைக் கொலஸ்ட்ரால் உள்ளவர்களின் துகள்கள் பெரும்பாலும் பெரியவைதான். அவர்களுக்குத்தான் முப்பது, நாற்பது வயதிலேயே மாரடைப்பு வருகிறது. எத்தனை துகள்கள், எத்தனை வருடமாக ரத்தக்குழாய்ச் சுவரில் மோதிக்கொண்டிருக்கின்றன என்பதைத்தான் பார்க்கவேண்டும். அதை எண்ணிப்பார்க்க அப்போ-பி என்ற பரிசோதனை இருக்கிறது. ஒவ்வொரு எல்டிஎல் துகளிலும் ஒரே ஒரு அப்போ-பி புரதம்தான் உண்டு என்பதால் அதை அளந்தால் துகள்களை எண்ணியதற்குச் சமம். 130-ஐத் தாண்டினால், துகள் பெரிதா சிறிதா என்ற பேச்சுக்கே இடமில்லை.

மூன்றாவது, ஆய்வகத்தின் சூத்திரம் தப்பு என்ற வாதம். பல ஆய்வகங்கள் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை என்பது சரி. மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து எழுதுகிறார்கள். 1972-ல் வந்த ஃப்ரீட்வால்ட் சூத்திரம் இது. ட்ரைகிளிசரைடு மிகக் குறைந்தால் விடை சற்றுக் கூடுதலாக வரலாம் என்பதும் சரி. எவ்வளவு கூடும்? ட்ரைகிளிசரைடு 60 என்றால் வித்தியாசம் பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில் நின்றுவிடும். 230 என்பது 222 ஆகலாம், 120 ஆகாது. சந்தேகம் இருந்தால் ‘டைரக்ட் எல்டிஎல்’ எடுக்கச் சொல்லுங்கள். சூத்திரத்தைக் காட்டி ஆளைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

இதய ரத்தக்குழாய் ஸ்கேனில் கால்சியம் ஸ்கோர் பூஜ்யம் என்று நிம்மதி தேடுவதும் நடக்கிறது. அந்த ஸ்கேன் கால்சியம் படிந்து இறுகிய படிவை மட்டுமே காட்டும். 35 வயதில் பூஜ்யம் வருவது இயல்பு. இளகிய படிவு அதில் தெரியாது.

எல்டிஎல் ஏன் ஏறுகிறது என்பதற்கு உங்கள் சைவ சார்ட்டையே கணக்குப் போடலாம். பட்டர் டீயில் (வெண்ணெய் கலந்த தேநீர்) 30 கிராம் வெண்ணெய்: நிறைவுற்ற கொழுப்பு 15 கிராம். நெய் இரண்டு மேசைக்கரண்டி: 17. தேங்காய் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி: 11. பனீர் 200 கிராம்: சுமார் 26. கூட்டினால் 70-ஐத் தொடுகிறது. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு 10 சதவீத வரம்பு 22 கிராம்தான். நிறைவுற்ற கொழுப்பு மிகும்போது, எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து உள்ளிழுக்கும் ஏற்பிகளைக் கல்லீரல் குறைத்துக்கொள்கிறது. வெளியே தேங்குவதுதான் அறிக்கையில் 230 ஆகத் தெரிகிறது. இந்தக் கணக்கில் காலையில் தின்னும் பாதாம் குற்றவாளி இல்லை. 100 பாதாமில் நிறைவுற்ற கொழுப்பு ஐந்து கிராம்கூட இருக்காது. (சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு மட்டும் அவ்வளவு பாதாம் எழுதாதீர்கள், அதில் ஆக்சலேட் அதிகம்.)

ஆகவே, எல்டிஎல் ஏறியவரிடம் பேலியோவை விடச்சொல்ல வேண்டியதில்லை. கொழுப்பின் வகையை மாற்றினாலே பலருக்கு இறங்கும். முதலில் பட்டர் டீயை நிறுத்துங்கள். நெய், தேங்காய் எண்ணெய் இருந்த இடத்தில் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ வரட்டும். பனீரைப் பாதியாக்கி, அசைவர்களுக்கு மத்தி, அயிலை. சைவர்களுக்கு பாதாம், நிலக்கடலை. கீரை, வெண்டைக்காய், கொய்யாவோடு தினம் பத்து கிராம் இசப்கோல் (நார்ச்சத்துத் தூள்) சேர்க்கலாம், தண்ணீர் நிறைய குடிக்கவேண்டும். ஏற்கெனவே மெலிந்த உடல், ட்ரைகிளிசரைடு 70-க்குக் கீழ், எல்டிஎல் மட்டும் 200-க்கு மேல் என்று வருபவர்களுக்கு, மாவுச்சத்தைத் தினம் 50 முதல் 100 கிராம் வரை திரும்பச் சேர்த்ததும் எல்டிஎல் வெகுவாக இறங்கியதாகப் பதிவுகள் உண்டு. ஒரு கிண்ணம் சுண்டலும் இரண்டு பழமும் போதும்.

எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனை. எடை வேகமாக இறங்கிக்கொண்டிருக்கும்போது எடுத்த அறிக்கையை வைத்து முடிவு கட்டக்கூடாது, எடை நின்றபின் எடுத்ததே கணக்கு. அன்று 12 மணி நேரம் வெறும் வயிறு, பட்டர் டீயும் சாப்பாடுதான். கூடவே டிஎஸ்எச் பார்க்கவும், தைராய்டு குறைந்தாலும் எல்டிஎல் ஏறும். சிங்கப்பூர், மலேசிய அறிக்கைகள் மில்லிமோல் கணக்கில் வரும். 38.67-ஆல் பெருக்குங்கள், 4.9 என்று சின்னதாகத் தெரிவது நம் கணக்கில் 190.

அந்த 190-ஐ உங்கள் குழுவின் எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் சார்ட்டில் கைவைப்பதோடு நிற்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். குடும்பவழிக் கோளாறு ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு உண்டு. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இளவயதில் மாரடைப்பு வந்ததா என்று கேளுங்கள். மருத்துவர் ஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை) எழுதித் தந்தால் அதை நிறுத்தச் சொல்லும் உரிமை குழுவில் யாருக்கும் இல்லை. 1994-ல் வெளியான 4எஸ் ஆய்வில், இதயநோய் உள்ள 4,444 பேரில் சிம்வாஸ்டாட்டின் எடுத்துக்கொண்ட பாதிப்பேரிடம், மற்றப் பாதிப்பேரைவிட மரணம் 30 சதவீதம் குறைந்தது.

இன்னொன்று, எல்டிஎல்லைவிட அவசரமானது. சார்ட் தரும் முன் மாத்திரைப் பட்டியலைக் கேளுங்கள். சர்க்கரை நோய்க்கு கிளைமெபிரைடு, இன்சுலின் எடுப்பவர் மருந்தின் அளவைக் குறைக்காமல் மாவுச்சத்தை நிறுத்தினால் முதல் ஓரிரு நாளிலேயே தாழ்சர்க்கரை வந்து மயங்கி விழலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களின் ஆபத்து வேறு வகை, மறைவானது. சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளும் மாத்திரை அது. கூடவே மாவுச்சத்தும் நின்றால் கீட்டோன் (கொழுப்பு எரியும்போது உண்டாகும் பொருள்) ஏறி ரத்தம் அமிலமாகிறது, குளுக்கோமீட்டரோ 160, 180 என்றுதான் காட்டும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்று ஒருவர் எழுதும்போது, “கீட்டோ ஃப்ளூதான் (மாவுச்சத்தை நிறுத்தியதும் வரும் தற்காலிகச் சோர்வு), எலுமிச்சை உப்புத் தண்ணீர் குடியுங்கள்” என்று பதில் போடாதீர்கள். அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய், மாத்திரையின் பெயரையும் உணவுமுறையையும் சொல்லி, ரத்தக் கீட்டோன் பார்க்கச் சொல்லவேண்டும் என்று எழுதுங்கள். காப்புரிமை முடிந்து இந்த மாத்திரைகள் மலிவாகிவிட்டதால், உங்களிடம் வரும் சர்க்கரை நோயாளிகளில் பலர் இன்று இதை எடுத்துக்கொண்டிருப்பார்கள். சேர்க்கைப் படிவத்தில் இந்தக் கேள்விக்கு இந்த வாரமே ஓர் இடம் ஒதுக்குங்கள்.

அன்புடன்,
உங்கள் உறுப்பினர்களுக்குச் சிகிச்சை தரும் மருத்துவர்களும் உணவியலாளர்களும்