பிரசாரம் கெட்ட வார்த்தையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் பிரசாரத் துறை பற்றிய உங்கள் கட்டுரை, அந்தப் பெயரையே குற்றச்சாட்டுபோல எழுதியிருந்தது. திருப்பூரில் பின்னலாடை இயந்திர உதிரிபாகம் விற்பவன் நான். சீனாவின் குவாங்சோ கண்காட்சியில் ஒரு சீன வியாபாரி பளபளவென்ற புத்தகத்தை நீட்டி, "எங்க புரபகண்டா (பிரசார) புக்" என்றார். பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரர் முகம் சுளித்தார். புரட்டினால் ஊசிப் படமும் விலையும்தான்!

சீன மொழியில் பிரசாரத்துக்கான சொல்லான 'ஷுவான்ச்சுவான்' என்றால் ஊருக்கு எடுத்துச் சொல்வது. சினிமா விளம்பரத்துக்கும் அதே சொல்தான். 'புரபகண்டா' என்ற ஐரோப்பியச் சொல்லும் 1622-ல் போப் பதினைந்தாம் கிரகோரி மதம் பரப்ப அமைத்த சபையின் பெயரில் நல்லபடியாகத்தான் வந்தது. உலகப் போர்களும் ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸும் அதைக் கெடுத்தார்கள். அப்புறம் சீனத் துறையும் ஆங்கிலத்தில் மட்டும் 'பப்ளிசிட்டி' என்று மாற்றிக்கொண்டது. சீனப் பெயர் அப்படியே இருக்கிறது.

நம் ஊரில் ஆட்டோவில் மைக் கட்டிப் போவதும் பிரசாரம்தானே? (அதில் எவ்வளவு உண்மை என்பது வேறு கதை.) அந்தத் துறை பத்திரிகைகளைக் கட்டுப்படுத்துவது நிஜம். சரி, அதை விவரமாக எழுதுங்கள், பெயரை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
திருப்பூர் வாசகன்